வெள்ளை நாய்க்கு வந்த மவுசு

ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் அந்த பம்ப்செட் கம்பெனி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இரும்பை உருக்கி வார்த்து பம்புக்கு உடம்பு செய்கிற இடம். முதலாளிக்கு மதில் கட்ட இன்னும் மனசு வராததால் சுற்றிலும் முள்கம்பி வேலிதான். 1991 ஆவணி மாசத்தில் யாரோ அந்த வேலியை வெட்டி, மூன்று தடவை மோட்டாருக்கு வைத்திருந்த செம்புக் கம்பிச் சுருளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மேனேஜர் பாண்டுரங்கன் செக்யூரிட்டி சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

"ரெண்டு அல்சேஷன் வாங்கிடலாம்யா. மெட்ராஸ்ல ஒருத்தர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

சூப்பர்வைசர் சுப்பராயனுக்குச் சாத்தூர்ப் பக்கம். பட்டாளத்து வேலை முடிந்து இங்கே வந்தவர். கம்பெனிக்குப் பின்னால் கொடுத்திருந்த ஒற்றை அறையில் அவரோடு இரண்டு நாய்கள் குடியிருந்தன. ராத்திரியில் அவற்றை அறைக்குள்ளேயே கட்டிவைத்துவிடுவார். சந்தன நிறத்தில் மின்னல் என்ற சிப்பிப்பாறை, கறுப்பில் கருப்பி என்ற கன்னி. அல்சேஷன் என்று காதில் விழுந்ததும் அவருக்கு முகம் சுருங்கியது.

"நம்ம நாட்டுல இல்லாத நாயா சார்? சிப்பிப்பாறை இருக்கு, கன்னி இருக்கு, கோம்பை இருக்கு. முயலு எங்கிட்டு திரும்பும்னு முயலுக்கே தெரியாது, எங்க ஊரு நாய்க்குத் தெரியும். அதை விட்டுட்டு சீமை நாய் எதுக்கு?"

"உங்க நாயைப் பார்த்தேனே. எலும்பு எண்ணலாம் போல இருக்கு. சாப்பாடு போடறீங்களா இல்லையா?"

"அது அதோட உடல்வாகு சார்! ஓடுற நாய்க்கு சதை எதுக்கு?"

பேச்சு வளர்ந்து, ஆயுத பூஜையன்று நாட்டு நாய்களுக்குள் ஒரு பந்தயம் வைப்பது என்று முடிந்தது. எந்த நாய் ஜெயிக்கிறதோ அந்த ஜாதியைக் கம்பெனி வாங்கிக்கொள்ளும். தன் நாய்கள் இரண்டும் தங்களுக்குள்ளேயே ஓடினால் பந்தயம் ஆகாது என்று சுப்பராயன் அக்கம்பக்கத்தில் விசாரித்தார். சேரப்பணஞ்சேரியில் ஒரு வெள்ளை வேட்டை நாய் இருப்பதாகச் சொன்னார்கள்.

அது பாஞ்சாலியின் நாய். பாஞ்சாலியின் புருஷன் நடேசன் இதே கம்பெனியில் மோல்டிங் பிரிவில் ஷிப்ட் வேலை பார்த்தான். அவள் ஊர்க்கோடியில் இருந்த கொல்லையில் கடலை பயிரிட்டுக்கொண்டிருந்தாள். கடலைச் செடியை முயலும் பன்றியும் கிளறிப்போட, அவள் அழுதுகொண்டிருந்த காலத்தில், லாரி ஓட்டும் அவள் தம்பி கோபால் ராஜபாளையத்திலிருந்து நூல் லோடு ஏற்றிவந்தபோது ஒரு குட்டியை மடியில் வைத்துக் கொண்டுவந்தான். வளர்த்தவர் காசு வேண்டாம் என்று கொடுத்துவிட்டாராம். பால் போல வெள்ளை. மூக்கு மட்டும் ரோஸ்.

அந்த நாய் கூப்பிட்டால் வராது. எத்தனை தடவை கத்தினாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. நாம்தான் எழுந்து அதனிடம் போக வேண்டும். நடேசன் அதற்குக் கலெக்டர் என்று பேர் வைத்தான். ஆனால் கொல்லையின் அந்தக் கோடியில் ஒரு புல் அசைந்தால் போதும், கலெக்டர் பாய்ந்துவிடும். மூன்று வருஷமாக அவள் கொல்லையில் ஒரு முயல் வாய் வைத்ததில்லை.

சுப்பராயன் வந்து கலெக்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ராஜபாளையம்தான். சுத்தமான ஜாதி. ஆனா தாயி, ஒரு விசயம். வெள்ளை நாயை எங்க பக்கம் வேட்டைக்கு அவ்வளவா சேக்க மாட்டோம். முயலு அரை மைல்லயே பாத்துரும்."

"பாத்துட்டு இன்னா பண்ணப்போவுது? ஓடத்தானே போவுது? ஓடட்டும்ணே, நம்ம கொல்லைய வுட்டுப் போனா சரி" என்றாள் பாஞ்சாலி.

ஆயுத பூஜையன்று கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை பொட்டலம் போட்டு வைத்திருந்தார்கள். தொழிலாளிகள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பூஜை முடிந்ததும் எல்லோரும் பின்பக்க மைதானத்துக்கு வந்தார்கள்.

முதலில் ஓட்டம். சுப்பராயன் விசில் ஊதினார். மின்னல் பாய்ந்ததைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. கருப்பி ஒரு முழம் பின்னால். கலெக்டர் நின்ற இடத்திலேயே நின்றது. மற்ற இரண்டும் பாதி மைதானம் போன பிறகுதான், "ஓஹோ, ஓடணுமா?" என்பது போலக் கிளம்பியது. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. பாஞ்சாலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மானத்த வாங்கிட்டியே" என்று நடேசன் நாயைத் திட்டினான்.

அடுத்தது திருடன் பிடிப்பது. கேன்டீனில் வேலை பார்க்கும் சின்னப்பையன் உடம்பெல்லாம் சாக்கு சுற்றிக்கொண்டு, தோளில் ஒரு மூட்டையோடு வேலி ஓரம் நின்றான். பேர்தான் சின்னப்பையன், ஆள் ஆறடி. அவன் ஓட வேண்டும், நாய்களை அவிழ்த்துவிட வேண்டும்.

அவன் ஓட ஆரம்பித்தான். மூன்று நாய்களும் துரத்தின. மின்னல் அவனை நெருங்கிவிட்டது, இன்னும் நாலு பாய்ச்சல்தான். அந்த நேரம் பார்த்து எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு பக்தி வந்தது. எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தாயிற்று, ஷிப்ட் சைரனை மட்டும் சும்மா விடுவதா என்று அதற்கும் ஒரு பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, ஸ்விட்சைத் தட்டிவிட்டார். சைரன் மைதானத்தின் நேர் மேலே இருந்தது.

கூட்டத்தில் குழந்தைகள் வீறிட்டன. அதே சமயத்தில் முன்வாசலில் யாரோ பூசணிக்காய் உடைத்துவிட்டு ஆயிரம்வாலா சரவெடியைக் கொளுத்தினார்கள். மின்னல் அந்தரத்தில் ஒரு திரும்பு திரும்பி, ஐந்தடி வேலியைத் தாண்டி, கடலைக் கொல்லை வழியாகப் போயே போய்விட்டது. கருப்பி பொரி மூட்டைக்குப் பின்னால் பதுங்கியது. சின்னப்பையனே பயந்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டான்.

கலெக்டர் நிற்கவில்லை. சைரன் கத்தக் கத்த, வெடி வெடிக்க வெடிக்க, காது மடல்கூட அசையாமல் நேராக ஓடி சின்னப்பையன் முதுகில் இரண்டு காலையும் வைத்துத் தள்ளியது. ஆறடி ஆள் குப்புற விழுந்தான். கலெக்டர் மூட்டையைக் கவ்வி இழுத்துக்கொண்டு வந்து பாஞ்சாலியின் காலடியில் போட்டது.

சைரன் அடங்கியது. பிறகு கைதட்டல் பாருங்கள், அது சைரனை விடப் பெரிதாக இருந்தது.

"இதான்யா நாய்! என்ன நெஞ்சுத் துணிச்சல்! இந்த ஜாதியே வாங்கு!" என்று பாண்டுரங்கன் துள்ளினார். குட்டி வாங்கும்வரை கலெக்டரையே ராத்திரிக் காவலுக்கு விடும்படி நடேசனிடம் சொல்லிவைத்தார். அன்று சாயங்காலத்துக்குள் தாம்பரத்தில் இருக்கும் தன் மச்சானுக்கும், வாலாஜாபாத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த சிநேகிதருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். வந்திருந்த இருநூறு பேரும் ஆளுக்கு ஒரு ஊரில் போய்ச் சொன்னார்கள்.

சுப்பராயனுக்கு மட்டும் அன்று பண்டிகை இல்லை. மின்னல் இருட்டியும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அவர் சைக்கிளில் படப்பை, சாலமங்கலம் எல்லாம் தேடிவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனாராம். நடேசன் வீட்டில் வந்து சொன்னான். பாஞ்சாலிக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் கலெக்டரைக் கூட்டிக்கொண்டு கம்பெனி கேட்டில் போய் நின்றாள்.

"மணிமங்கலம் பக்கம் ஒல்லியா ஒரு நாயி சுத்திகினு கீதுன்னு பால்காரர் சொன்னாரு. வாண்ணே, போயி பாக்கலாம். இது கண்ணு எம்மாந் தூரத்துல இருந்தாலும் புடிச்சிடும்."

மூவரும் நடந்தார்கள். கலெக்டர் கயிறு இல்லாமல் முன்னால் போயிற்று. மணிமங்கலம் பிரிவு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து ஒரு மணல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. பாஞ்சாலியும் சுப்பராயனும் ஓரம் ஒதுங்கினார்கள். கலெக்டர் நடுரோட்டில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் விடாமல் ஹாரனை அமுக்கினார். நாய் திரும்பவில்லை. பாஞ்சாலி அலறிக்கொண்டே ஓடி அதன் கழுத்தைக் கட்டி ரோட்டோரம் விழுந்தாள். லாரி கிறீச்சென்று நின்று, டிரைவர் அவள் குடும்பத்தையே திட்டிவிட்டுப் போனார்.

சுப்பராயன் ரோட்டோரம் கிடந்த ஒரு எண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு கலெக்டரின் பின்னால் போய் ஒரு கல்லால் ஓங்கி ஓங்கித் தட்டினார். பக்கத்துப் புளியமரத்துக் காக்கைகளெல்லாம் பறந்தன. கலெக்டர் பாஞ்சாலியின் கையை நக்கிக்கொண்டிருந்தது.

"தாயி, கோவிச்சுக்கிடாதீங்க. இவனுக்குக் காது கேக்காது."

"இன்னாண்ணே நீ? உன் நாயி ஓடிப்போச்சின்னு என் நாயி மேல குத்தம் சொல்றியா?"

"சத்தியமா இல்ல தாயி. வெள்ளைவெளேர்னு பிறக்குற குட்டியில சிலதுக்கு இப்படி ஆகும். பிறவியிலயே கேக்காது. நானும் அன்னைக்கு மைதானத்துல யோசிச்சேன். சைரனுக்கு ஒரு நாய் காதைக்கூட விடைக்காம ஓடுமான்னு."

பாஞ்சாலி டின்னைப் பிடுங்கித் தானே தட்டிப் பார்த்தாள். கலெக்டரின் முதுகுக்குப் பின்னால் கைதட்டினாள், கத்தினாள். அப்புறம் மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன வருசம் ஒரு மழைண்ணே. வாசல்ல நின்னுகினு தொண்ட கிழிய கூப்புட்டேன். அது மாட்டுக்கு முதுகைக் காட்டிகினு குந்திகினு இருந்துச்சி. திமிரப் பாருன்னு கதவ சாத்திட்டேன். காலைல பாக்கசொல்ல நடுங்கிகினு கீது. அப்பவும் ஒரு அடி வெச்சேன்." அவள் கலெக்டரின் காதைத் தடவிக்கொண்டே அழுதாள். "கலெக்டர்னு பேரு வெச்சி சிரிச்சோமே, அதுக்கு பேருன்னு ஒண்ணு கீறதே தெரியாதே!"

கலெக்டர் அவள் மடியில் மோவாயை வைத்து அண்ணாந்து பார்த்தது. அவள் அழுவதைப் பார்த்து வாலை மெதுவாக ஆட்டியது. சுப்பராயன் தூரத்தில் எதையோ பார்ப்பது போல நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள்.

"சரி வா. மொதல்ல உன் நாயத் தேடுவோம்."

மணிமங்கலம் ஏரியில் தண்ணீர் இன்னும் சேரவில்லை. கரையேறியதும் கலெக்டர் சட்டென்று நின்று, உடம்பை விறைத்து, எதிர்க்கரையையே பார்த்தது. இவர்கள் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. அது ஏரிக்குள் இறங்கி ஓடியது. இவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, கோயில் பக்கத்து மண்டபத்தில் மின்னல் வாழை இலையில் வெண்பொங்கல் தின்றுகொண்டிருந்தது. பூக்கட்டுகிற ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அதற்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"உன் நாயாய்யா இது?" என்று அந்த அம்மாள் சுப்பராயன் மேல் பாய்ந்தாள். "வாயில்லா ஜீவன இப்பிடியா பட்டினி போடுவ? எலும்புக்கூடா வந்து வுழுந்துச்சி. மூணு நாளா நான்தான் பொங்கலும் புளியோதரையும் போட்டுத் தேத்திகினு கீறேன்!"

சுப்பராயன் வாயைத் திறந்தார். உடல்வாகு பற்றிச் சொல்லப் போகிறார் என்று பாஞ்சாலிக்குத் தெரிந்தது. ஆனால் அவர் மின்னலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தப்புதான் தாயி, இனிமே நல்லாப் போடுறேன்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது அவர் சொன்னார், "காது விசயம் என் வாயிலருந்து வெளிய வராது. நீங்க நிம்மதியா இருங்க."

"நீ சொல்லாட்டியும் நான் சொல்லித்தான் ஆவணும்ணே. கம்பி வெட்ற சத்தம் இதுக்கு எப்பிடி கேக்கும்? இத்த நம்பிக் காவலுக்கு வுட்டு திருட்டுப் போனா அந்தப் பாவம் எனக்கில்ல வரும்?"

மறுநாள் அவள் மேனேஜர் அறைக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். பாண்டுரங்கன் நம்பவில்லை. மேஜை மணியை எடுத்துக் கலெக்டரின் பின்னால் போய் அடித்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டார். கடைசியில் பூனை மாதிரி கத்திக்கூடப் பார்த்தார். வெளியே கிளார்க்குகள் எட்டிப் பார்த்தார்கள். கலெக்டர் ஜன்னலில் ஒரு பல்லியைக் கவனித்துக்கொண்டிருந்தது.

"அய்யய்யோ" என்றார் அவர். "இதோட தைரியத்தை நான் மெட்ராஸ் வரைக்கும் சொல்லிட்டேனேம்மா!"

சுப்பராயன்தான் வழி சொன்னார். "சார், மின்னலுக்கு ஊசி விழுந்தாக் கேக்கும். சத்தம் பெருசா வந்தா ஓடிரும். இவன் சத்தத்துக்கு அசைய மாட்டான், ஆனா கேக்காது. ரெண்டையும் சேத்தே விடுங்க. ஒருத்தன் காது, ஒருத்தன் நெஞ்சு."

அப்படியே செய்தார்கள். சாயங்காலம் கலெக்டர் நடேசனோடு வரும், காலை ஷிப்ட் மாறும்போது வீட்டுக்குப் போகும். ஐப்பசிக் கடைசியில் திருடர்கள் மறுபடி வந்தார்கள். மின்னல் எழுந்து காதை விடைத்ததாம். அதன் காதைப் பார்த்துக் கலெக்டர் எழுந்து பாய்ந்ததாம். விடிந்து பார்த்தபோது வேலியோரம் ஒரு கட்டிங் பிளேயரும் பாதி லுங்கியும் கிடந்தன. அதன் பிறகு செம்புக் கம்பி போகவில்லை.

நியாயமாகப் பார்த்தால் இரண்டு நாய்க்கும் பேர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாயங்காலம் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் மின்னல் மண்ணோடு மண்ணாகத் தெரியாது. கருப்பி நிழலில் படுத்திருக்கும். கலெக்டர் மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைவேட்டி காயப்போட்டது போலப் பளிச்சென்று தெரியும். லுங்கியைக் கிழித்தது அந்த வெள்ளை, சைரனுக்கு அஞ்சாதது அந்த வெள்ளை, சிங்கம் மாதிரி நிற்பது அந்த வெள்ளை. தாம்பரத்திலிருந்தும் வாலாஜாபாத்திலிருந்தும் ஆட்கள் பாஞ்சாலி வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். புதுசாக நிலம் வாங்கித் தென்னங்கன்று வைத்த மெட்ராஸ்காரர்கள் காரில் வந்தார்கள்.

"இத்தோட பொறந்தது எதுனா கெடைக்குமா?"

பாஞ்சாலி ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "சார், அதுக்குக் காது கேக்காது. அத்தான் பயப்படல."

"நல்லா சொல்றீங்கம்மா. குட்டி தர மனசில்லன்னா நேரா சொல்லிடுங்க" என்று அவர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஒரு செங்கல் சூளைக்காரர், "கேக்காத நாயே இப்படின்னா, கேக்கற நாய் எப்படி இருக்கும்!" என்று இன்னும் ஆசைப்பட்டார். சுப்பராயன் அவர்களிடம் சிப்பிப்பாறையின் அருமையை அரைமணி நேரம் எடுத்துச் சொல்வார். அவர்கள் மின்னலைப் பார்த்து, "பாவம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு பிஸ்கட் போட்டுவிட்டுப் போவார்கள்.

"வேகம் இருந்து என்ன தாயி, வெள்ளையாப் பிறக்கணும்!" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் மின்னல் அந்தக் கார்த்திகைக்குள் பிஸ்கட்டிலேயே கொஞ்சம் சதை போட்டிருந்தது.

தொல்லை தாங்காமல் கோபால் ராஜபாளையத்திலிருந்து ஆறு குட்டிகள் கொண்டுவந்தான். பாஞ்சாலி ஒன்றையும் உடனே கொடுக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தாழ்வாரத்தில் விட்டு, பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தாள். வாலாஜாபாத்திலிருந்து கால்நடை டாக்டர் புருஷோத்தமனை வரவழைத்தும் காட்டினாள். நான்கு குட்டிகளுக்குக் கேட்டது. அவை நான்கு இடங்களுக்குப் போயின. இரண்டுக்குக் கேட்கவில்லை.

அந்த இரண்டையும் அவளே வைத்துக்கொண்டாள். அதற்குள் கலெக்டரோடு கையால் பேசக் கற்றிருந்தாள். கையை நெஞ்சுக்கு இழுத்தால் வா. உள்ளங்கையைக் காட்டினால் உட்கார். தலைக்கு மேலே தூக்கி ஆட்டினால், எங்கே இருந்தாலும் ஓடி வா. இப்போதெல்லாம் கலெக்டர் கொல்லையின் அந்தக் கோடியிலிருந்து ஒரே ஓட்டமாக வந்தது. முதல் தடவை அப்படி வந்தபோது அவள் கடலைச் செடிகளுக்கு நடுவே நின்று சிரித்துக்கொண்டே அழுதாள். நடேசனுக்குக் காரணம் புரியவில்லை. இருந்தாலும் அன்று அவன்தான் அடுப்பு மூட்டினான்.

பொங்கலுக்கு லீவில் ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் சுப்பராயன் வந்து வாசலில் நின்றார். கையில் மூங்கில் கூடை இருந்தது. எதையோ கேட்க வந்தவர் கடலை விளைச்சலைப் பற்றியும் பனியைப் பற்றியும் பேசினார்.

"கூடை இன்னாத்துக்குண்ணே?" என்றாள் பாஞ்சாலி.

"அது வந்து தாயி, சிவகாசியில என் தம்பி பட்டாசு கிட்டங்கியில, அதான் குடோன்ல, வாட்ச்மேனா இருக்கான். எந்த நாயைக் கொண்டுபோய் விட்டாலும், வெடி போட்டுப் பாக்குற சத்தத்துல ரெண்டாம் நாளே ஓடிப்போயிருது. அதான்…" அவர் குரலைத் தாழ்த்தினார். "காது கேக்காத குட்டியில ஒண்ணு குடுப்பீங்களா?"

பாஞ்சாலிக்குச் சிரிப்பு பொங்கியது. "நீயாண்ணே? வெள்ளை நாயா?"

"சிரிக்காதீங்க தாயி. ஊருல சிப்பிப்பாறைக்காரன் ராஜபாளையத்தைத் தூக்கிட்டு வாரான்னு சொல்லிக் காட்டுவானுங்க. துண்டு போட்டு மூடித்தான் கொண்டுபோவணும்."

அவள் இரண்டில் குறும்பான குட்டியைப் பார்த்துத் தூக்கிக் கொடுத்தாள். படப்பை பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே போய், வழியெல்லாம் கையால் பேசும் பாஷையைச் சொல்லிக்கொடுத்தாள். சுப்பராயன் பட்டாளத்து ஒழுங்கோடு ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். ஸ்டாப்பில் கூடையைக் கீழே வைத்ததும் குட்டி வெளியே குதித்து எதிர்ப்பக்கம் ஓடியது. அவர் ரோட்டோரம் நின்றுகொண்டு கையைத் தலைக்கு மேலே தூக்கி விடாமல் ஆட்டினார்.

ஊருக்குப் போக தாம்பரம் பஸ் ஏற வேண்டியவர் முன்னால் காஞ்சிபுரம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறு ஏறு, சீக்கிரம் ஏறு" என்றார்.

"உங்களை இல்லப்பா, குட்டியைக் கூப்பிட்டேன்!"

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் முறைத்துக்கொண்டே விசிலடித்தார். பஸ் நகர்ந்ததும், எதிர்ப்பக்கத்திலிருந்து அந்த வெள்ளைக் குட்டி அவருடைய கையையே பார்த்துக்கொண்டு தத்தித் தத்தி ஓடிவந்து அவர் செருப்பின் மேல் உட்கார்ந்தது. சுப்பராயன் அதை அள்ளி எடுத்தார். துண்டால் மூட வேண்டும் என்பது அவருக்கு ஞாபகமே வரவில்லை.